வெள்ளை ராக்காயி

கருப்பம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது அந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. 1974இல் புருஷன் அப்பாவு லாரி கவிழ்ந்து செத்த பிறகு, அந்தக் கோபத்தை அடக்கவும் ஆளில்லாமல் போனது.

அப்போது அவளைத் தேற்றியவள் பக்கத்து வீட்டு ராக்காயி. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஈப்போவில் ஒரு கோயில் நந்தவனத்திலிருந்து குச்சி ஒடித்து வந்து கருப்பம்மாள் வாசலில் நட்டாள்.

"வெள்ளைப் பூக்கா. அண்ணன் படத்துக்கு வைக்கலாம்லா."

குச்சி பத்து நாளில் துளிர்த்தது. இலை வெண்டி இலை போல அகலம், தொட்டால் சொரசொரப்பு. கருப்பம்மாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தாள். மறுவருஷம் ஆளுயரச் செடியில் மொட்டு திரண்டபோது, அப்பாவுவின் படத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்குக் காலைப் பூவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரத்தில் கீறல் வெட்டி, வடிந்த பாலை ஸ்டோரில் ஊற்றி, விறகும் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்ப மணி நாலாகும். முதல் பூ விரிந்த அன்றும் அப்படித்தான் வந்தாள். பூ ரோஜாவைப் போல அடுக்கடுக்காக, நன்றாகச் சிவந்து நின்றது.

தாலி அறுத்தவள் வாசலில் சிவப்புப் பூ! எதிர் லயத்து வீடுகளின் பெண்கள் தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரியும் இருந்தது அவளுக்கு.

ராக்காயி ஓடி வந்தாள். "அக்கா, காலையில வெள்ளையாத்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கும் புரியல."

"செவப்பப் பாத்து வெள்ளைங்கிற. கேலி பண்ண வேற ஆள் கெடைக்கலியா ஒனக்கு?"

"நாளைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாம இருந்து பாருக்கா."

கருப்பம்மாள் பாராங் கத்தியை எடுத்துச் செடியை அடியோடு வெட்டிச் சாக்கடையில் வீசினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும், ராக்காயி சிவப்பை வெள்ளை என்று சாதித்ததைச் சொல்லிக் காட்டினாள். தோட்டத்துக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து அவள் 'வெள்ளை ராக்காயி'. யார் பொய் சொன்னாலும் அவள் பெயரைச் சொன்னார்கள். கொட்டகைப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. சில வருஷத்தில் தோட்டத்தை விற்றுவிட, ராக்காயி தாப்பாவுக்குப் போனாள், கருப்பம்மாள் ஈப்போவுக்கு வந்தாள்.

1983இல் கருப்பம்மாள் புனிதவதி டீச்சர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலையில் வாசல் கூட்டும்போது வேலியோரச் செடி நிறைய வெள்ளைப் பூ. இலையைத் தொட்டுப் பார்த்தாள், அதே வெண்டி இலை, அதே சொரசொரப்பு. மத்தியானம் துணி காயப்போடப் போனபோது அதே பூக்கள் ரோஸ் நிறம். சாயங்காலம் எல்லாம் சிவப்பு.

"டீச்சர், இது என்ன பூ?"

யாழ்ப்பாணத்து டீச்சர் சாவகாசமாகச் சொன்னார். "இதுவும் செம்பரத்தைச் சாதிதான், வெண்டிக்கும் சொந்தம். காலமை வெள்ளையாப் பூத்து, பின்னேரம் சிவந்துபோம். ஏன், நீ முந்திக் கண்டதில்லையோ?"

கண்டிருக்கிறாள், சாயங்காலம் மட்டும். ஒன்றும் அறியாதவளை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே என்று வெந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சியை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு தாப்பாவுக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டைக் கண்டுபிடித்தாள். ராக்காயிக்குத் தலை நரைத்திருந்தது.

"நீ சொன்னது நெசந்தான் ராக்காயி. என் கண்ணால பாத்துட்டேன். என்னை மன்னிச்சிரு." கருப்பம்மாள் அழுதாள்.

ராக்காயி குச்சியை வாங்கி இலையைத் தடவினாள். அவள் ஏசியிருந்தால் கருப்பம்மாளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எட்டு வருஷம் கழிச்சு ஒரு பூ சொன்னதும் நம்பிட்ட. அன்னைக்கு நான் சொன்னேன்லக்கா. நான் சொன்னது பத்தலியா?"

ராக்காயி குச்சியைக் கருப்பம்மாள் மடியிலேயே வைத்துவிட்டு, தேத்தண்ணி கலக்க உள்ளே போனாள்.

"சீனி எவ்வளவு போட?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள், வருஷக்கணக்காக அளவு கேட்காமலே அவளுக்குத் தேத்தண்ணி கலந்து கொடுத்தவள்.