மாப்பிள்ளையின் குரல்

நான்கு வருடம் பேசாமல் இருந்த அக்கா, வீட்டுக்கு வரச் சொல்லித் தங்கை அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, அன்று காலை போன் செய்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"சரிடி, வரேன். ஆனா எனக்காகக் காசு செலவு பண்ணக் கூடாது. அந்த மைல்ல டிக்கெட் போடு. இல்லைன்னா என்னைக் கூப்பிடவே கூப்பிடாதே."

தங்கை வாயைத் திறப்பதற்குள் வைத்தும்விட்டாள்.

தங்கைக்கு வாசல் ஜன்னல்களுக்குத் திரை தைக்கிற தொழில். அக்காவின் மனசு எந்தத் துணியைப் போன்றது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில் இளகினால் சாயங்காலம் சுருங்கிவிடும். அதற்குள் டிக்கெட் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இன்னொரு நான்கு வருடத்தைத் தாங்கும் சக்தி அவளிடம் இல்லை.

மைல்கள் அவள் கணவனுடையவை. கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுகிறவன் அவன். கம்பெனி டிக்கெட்டில் ஊர் ஊராகப் பறந்துகொண்டே இருப்பான். பறந்த தூரத்தை மைல் கணக்கில் சேர்த்து விமான கம்பெனி இலவச டிக்கெட் தரும். அந்த மைல்களில் சொந்தபந்தமெல்லாம் பறந்தது. சித்தப்பா மகனின் தேனிலவு, எதிர்வீட்டுக்காரரின் முழங்கால் ஆபரேஷன், துணிக்கடைக்காரரின் மாமியார் கோபித்துக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போனது, அங்கேயும் கோபித்துக்கொண்டு திரும்பி வந்தது, எல்லாமே அந்தக் கணக்கில்தான். கணக்குக்குச் சொந்தக்காரன் மட்டும் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. அக்காவின் பெயரை அடித்ததும் கம்ப்யூட்டரில் சிவப்புக் கட்டம் வந்து உட்கார்ந்தது. கணக்கு பூட்டப்பட்டுவிட்டதாம். இத்தனை பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர் மைல்களை விற்கிறாரோ என்று விமான கம்பெனிக்குச் சந்தேகமாம். கணக்குக்காரர் வீடியோவில் வந்து பேச வேண்டும், முகமும் குரலும் பதிவில் இருப்பதோடு பொருந்த வேண்டும் என்றார்கள்.

முகம் பொருந்திவிடும். குரல்தான் பொருந்தாது. ஏனென்றால் பதிவில் இருந்தது அவள் குரல். கணக்கு திறந்த நாளில் 'என் குரலே என் அடையாளம்' என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். போன் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவன் அவன். அன்று அவளுக்குக் கடுமையான ஜலதோஷம், தொண்டை கட்டி ஆண்பிள்ளைக் குரலாக இருந்தது. அவளே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியோடு பேசும்போதெல்லாம் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு 'வணக்கம்மா, நான்தான் பேசுறேன்' என்பது அவளுக்குப் பழகிப்போயிற்று.

"உண்மையைச் சொல்லிடலாமே" என்றான் கணவன்.

"சொன்னா கணக்கையே மூடிடுவாங்க. அக்கா வரமாட்டா. பேசாம உட்காருங்க. அது உங்களுக்குக் கஷ்டமில்லையே."

தையல் அறையில் வெட்டுமேஜைக்கு முன்னால் அவனை உட்கார வைத்தாள். பின்னால், ஒரு ஓட்டலுக்காகத் தைத்து முடித்திருந்த உள்துணி வைத்த கனத்த திரையைக் கம்பியில் மாட்டி, அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள். முதுகில் ஒரு குத்து என்றால் வாயைத் திறக்க வேண்டும். இரண்டு குத்து என்றால் மூட வேண்டும்.

கம்பெனியின் சரிபார்க்கும் பெண் கம்ப்யூட்டரில் வந்தாள். கண்ணாடி போட்ட, கண்டிப்பான முகம்.

"சார், உங்க குரல் நூத்துக்கு நூறு பொருந்துது. ஆனா உதடு கொஞ்சம் லேட்டா வருதே."

"இங்க நெட் மோசம்மா" என்றது திரை. அவன் வாய் அதற்கப்புறம் திறந்தது.

"யாருக்கு டிக்கெட்?"

"எங்க அக்காவுக்கு." சொன்ன பிறகுதான் உறைத்தது. "அதாவது, என் மனைவியோட அக்காவுக்கு. எனக்கும் அக்கா மாதிரிதான்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நாலு வருஷம் ஆச்சு."

"நெருங்கின உறவுன்னு சொல்றீங்க, நாலு வருஷமா பார்க்கலையா? என்ன காரணம் சார்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் அக்கா கேட்ட கேள்வி அப்படியே காதில் விழுந்தது. 'மாப்பிள்ளையைக் கொஞ்சம் பேச விடேன்டி. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட நீதானே பதில் சொல்ற?' அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவள் தங்கைதான்.

"என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா" என்றாள் கட்டைக் குரலில். "அக்கா சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. இவளுக்குத்தான் மூக்குக்கு மேல கோவம்."

அவன் தேவைக்கு மேலேயே பலமாகத் தலையாட்டினான். பொறுக்க முடியாமல் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆ!" என்றான் அவன், சொந்தக் குரலில்.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், யாரோ வெளியாள் குரல் கேக்குது. உங்க பக்கத்துல யார் இருக்காங்க?"

"யாருமில்லம்மா. தெருவுல யாரோ."

"மன்னிக்கணும் சார். சந்தேகம் வந்தா பயணியையும் லைன்ல சேர்த்துக் கேக்கணும். அதான் எங்க வழக்கம்."

திரைக்குள் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. அக்காவுக்குப் பொய் வாயில் வராது. கல்யாண வீட்டிலேயே சாப்பாடு சுமார் என்று சொல்லிவிட்டு வருகிறவள். மணி அடித்தது. அக்கா எடுத்தாள்.

"மேடம், உங்க தங்கை கணவர் லைன்ல இருக்கார். இந்தக் குரல் உங்களுக்குத் தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க. சார், பேசுங்க."

"அக்கா..." கட்டைக் குரல் நடுவில் உடைந்தது. "நல்லா இருக்கீங்களா?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. கணவன் வாயைத் திறந்தபடியே இருந்தான். இரண்டு குத்து குத்த அவளுக்குக் கை வரவில்லை.

"தெரியாம என்ன?" என்றாள் அக்கா நிதானமாக. "எங்க வீட்டு மாப்பிள்ளை பேசி நான் கேட்டதெல்லாம் இந்தக் குரல்லதான். அவருக்கு வேற குரல் இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

"நன்றி மேடம், இது போதும்." அந்தப் பெண் எதையோ தட்டினாள். பூட்டு திறந்தது. டிக்கெட்டும் போனது. அவள் வாழ்த்துச் சொல்லி மறைந்தாள். அக்கா மட்டும் லைனில் இருந்தாள்.

"எங்கடி ஒளிஞ்சிருக்க?"

"திரைக்குப் பின்னால" என்றாள் தங்கை, தன் குரலில்.

முதலில் சிரித்தது அக்காதான். தங்கை சிரித்த சிரிப்பில் கம்பியோடு திரை ஆடியது. கண்ணைத் துடைக்க அகப்பட்டது அந்த ஓட்டல் துணிதான்.

"நான் வந்ததும் மாப்பிள்ளையோட தனியா உட்கார்ந்து பேசணும். அப்ப நீ பக்கத்துல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்தாள்.

கணவன் முகம் வெளுத்துவிட்டது. "என்கிட்ட என்ன பேசுவாங்க?"

"அது உங்க ரெண்டு பேர் பாடு."

"நான் என்ன பதில் சொல்லணும்?"

சொல்ல அவளிடம் ஒன்றல்ல, நான்கு பதில்கள் தயாராக இருந்தன. மேஜையிலிருந்து ஒரு பிடி குண்டூசியை எடுத்து உதடுகளுக்கிடையில் கவ்விக்கொண்டு, அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு, திரையின் ஓரத்தை மடிக்க உட்கார்ந்தாள்.