கீறியது யார்

பள்ளிக்கு வந்த மனநல ஆலோசகர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்கிற மாதிரி இருபது வாக்கியங்கள். ஆம், இல்லை என்று குறித்தால் போதும், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று உறுதியும் சொன்னார். வகுப்பிலேயே குட்டையானதால் 'சின்னவள்' என்று பெயர் வாங்கியவள் மனசாட்சிப்படி இருபதுக்கும் 'ஆம்' போட்டாள். பதினைந்து வயதில் அவள் மனம் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

தாள்களை வாங்கி வைத்த கணக்கு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவளுடையதை உருவி வகுப்புக்கே வாசித்தார்.

"பரவாயில்லையே, இதுலயாவது இருபதுக்கு இருபது வாங்கிட்டா."

நாற்பது பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மறுநாள் மதிய இடைவேளையில் சின்னவள் அவருடைய புதுக் காரின் வலப்பக்கத்தில், முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை, காம்பஸ் முனையால் ஆழமாக இழுத்துவிட்டாள். மனம் குளிர்ந்தது.

மாட்டிக்கொண்டதோ கடைசி பெஞ்சு 'புயல்'. ஜன்னல் உடைப்பதும் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்குவதும் அவன் அன்றாட வேலை. காரின் பக்கமே போகாத அந்தப் புண்ணியவான் மறுக்கவும் இல்லை. பையன்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்போது எதற்கு மறுக்க வேண்டும்? சின்னவளுக்கு வயிறு எரிந்தது. அவமானம் மட்டும் அவளுக்கு, பழிவாங்கிய பெருமை அவனுக்கா?

நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், தான்தான் கீறியதாகச் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருந்த வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவளா? கரப்பான்பூச்சியப் பாத்தாலே ஓடுவா மேடம். இதுக்கெல்லாம் ஒரு தில்லு வேணும். நீ கிளாஸுக்குப் போம்மா."

போம்மா என்றாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மேசைமேல் கிடந்த அவருடைய கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இருவரும் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் காரின் இடப்பக்கத்தில் கீறல் பாதி முடிந்திருந்தது. மீதியை அவர் கண்ணெதிரிலேயே, அவசரப்படாமல் முடித்தாள். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தித்தித்தது.

அம்மாவை வரச்சொல்லிப் போன் போனது. பத்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்ற கடிதம் அச்சாகி வந்தது. அவள் பேனாவைத் திறக்காமல் வரிவரியாகப் படித்தாள்.

"வலது பக்கம் அவன் பண்ணதா போட்டிருக்கு மேடம். அத அடிச்சிட்டு ரெண்டையும் என் பேர்ல எழுதுங்க. அப்பதான் கையெழுத்துப் போடுவேன்."