சீமோனின் சுத்தியல்

யூட்சன் இடக்கைக்காரன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அவன் விஷயத்தில் அடியும் உதவவில்லை. பள்ளிக்கூடத்தில் விரல் மொளி வீங்க வாங்கியும் கை மாறவில்லை.

ஸ்காபரோவில் ஒரு தகரப் பட்டறையில் பல வருடங்களாகக் காற்றுக் குழாய் செய்தான். எல்லாம் கூரைக்குள் மறைந்துபோகும் சாமான். தன் பெயர் பொறித்த ஒரு பொருளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்காகத்தான் டோர்செட் பார்க் கைவினைக் கூட்டுக்குப் போனான். குயவர், நெசவாளர், தச்சர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடம் அது. சேர வேண்டுமானால் அங்கேயே ஒரு பாத்திரம் செய்து காட்ட வேண்டும். பிடித்தால், அதன் அடியில் பெயரைப் பொறிக்க விடுவார்கள்.

சனிக்கிழமை காலை செப்புத் தகட்டோடு உட்கார்ந்தான். சுவரில் சுத்தியல்கள் தொங்கின. அவன் வேலை செய்த பட்டறையில் சுவரில் தொங்குவது எல்லாருக்கும் பொது. அந்தப் பழக்கத்தில் கேளாமலே ஒன்றை எடுத்தான். யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனது போல் பிடி சூடாக இருந்தது.

மத்தியானம் கிண்ணம் முடிந்தது. அப்படி ஓர் அழகை அவன் ஒருநாளும் செய்ததில்லை.

கூட்டை நடத்தும் கரோலின் அன்ரி அதைத் தடவிப் பார்த்தார். முகம் வெளிறியது.

"தம்பி, எந்தச் சுத்தியலாலை அடிச்சனீர்?"

"உந்தச் சுவரிலை தொங்கினதாலை, அன்ரி."

"உது செத்த ஆக்களின்ரை சுவர். ஒருத்தரும் தொடுறேல்லை. நீர் எடுத்தது என்ரை மனிசன் சீமோன்ரை."

சுத்தியல் தடமும் கையெழுத்து மாதிரித்தான், அடித்தவனைக் காட்டிக்கொடுக்கும். யூட்சன் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடமும் வலக்கை அடித்த தடம்.

"வேறை ஒண்டு செய்யிறன் அன்ரி."

"வேண்டாம்." அவர் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்து அழுதார், சிரித்தார். "உம்மை எடுத்தாச்சு. பேரை அடியும்."

சுற்றி நின்றவர்கள் சம்மதமாகக் கை உயர்த்தினார்கள். தனக்கா, சீமோனுக்கா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஆசை வெட்கமறியாதே. பெயரையாவது நானே அடிக்கிறேன் என்று, பையிலிருந்த தன் சொந்தச் சுத்தியலை எடுத்தான்.

எடுத்தது வலக்கை. இடக்கைக்கு மாற்றப் பார்த்தான். பிடியை இறுக்கிய விரல்கள் விரியவில்லை.

கரோலின் அன்ரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டில் புருஷனைக் கூப்பிடும் குரலில் மெல்லச் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, அடியுங்கோவன்."

வலக்கை உயர்ந்தது. ஒரு பிசகும் இல்லாமல் யூட்சனின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்து முடித்தது.