நடப்பவளும் நிற்பவளும்

விரிப்பின் ஒரு ஓரத்தை முகவாய்க்கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைகளை எட்டும் மட்டும் விரித்து, மூத்தவள் அறைக்கு நடுவே நின்றாள். அடி ஓரம் தரையில் புரண்டது. அதைத் தூக்கினால் மேல் ஓரம் நழுவியது. நீங்களும் வீட்டில் இப்படித் தனியாக மல்லாடியிருப்பீர்கள். கடைசியில் சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிட்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கதவைச் சாத்தியிருப்பீர்கள். மூத்தவளுக்கு அது வராது. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில், மடிப்பு மேசையிலேயே நின்று தலை நரைத்தவள் அவள். அங்கே ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர். அவளுடைய இரண்டாம் ஆள் இப்போது சிறையில் இருந்தாள். அந்த இரண்டாம் ஆளின் குழந்தை இங்கே கட்டிலில் கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் ஆள் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான். கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. கொல்லைப்புறத்துத் துணிக்கொடியில் வெயில் படுகிற பாதி யாருடையது என்று போன கோடையில் ஒரு சண்டை வந்தது. பகல் முழுக்கத் துணியோடு மாரடித்துவிட்டு வருகிற இரண்டு பெண்கள், வீட்டுக்கு வந்தும் துணி காயப்போடச் சண்டை போட்டார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் சலவைக்கூடத்தில் அவர்களைப் போல ஒரு ஜோடி கிடையாது. மூத்தவள் நடப்பவள், இளையவள் நிற்பவள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு. பிறகு மூத்தவள் தன் முனைகளைத் தூக்கிக்கொண்டு எதிரே நடந்து வருவாள், இளையவள் நின்ற இடத்தில் நின்று அவற்றை வாங்கிக்கொள்வாள். மடிந்து தொங்கும் இடத்தைப் பிடித்துப் பின்னால் போய், மறுபடி நடந்து வருவாள். முடிந்த மடிப்பு நிற்பவள் கையில் இருக்கும். இதற்குப் பேச்சு எதற்கு?

மடித்ததை வாங்கி அடுக்குவது கோபுரத்தின் வேலை. கூடத்திலேயே உயரம் குறைந்தவள் அவள், அதனால் அந்தப் பெயர். ஒரு பச்சை ஸ்டூலின் மேல் ஏறி நின்று, தன்னைவிட உயரமாக விரிப்புகளை அடுக்கிக்கொண்டே போவாள். ஓரங்கள் ஒன்றோடொன்று பிசகாது. வேலை முடிந்து சங்கு ஊதினால், கையில் இருப்பதை அரைகுறையாகப் போடக் கூடாது என்பது அங்கே எழுதாத வழக்கம். எல்லா ஜோடிகளும் பிடித்த விரிப்பை மடித்து முடித்து, கோபுரத்தின் ஸ்டூலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் செருப்பை மாட்டுவார்கள். "வாங்கடி, சூடு ஆறுறதுக்குள்ள வாங்க, நான் இங்க கொடிக்கம்பமாட்டம் நிக்கிறேன்" என்பாள்.

தேய்ப்பு இயந்திரத்துக்குப் போகும் நீராவிக் குழாயில் ஒரு திருகு கசிகிறது என்று அவள்தான் மேலாளரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குழாய் ஒரு காலையில் வெடித்தது. அவள் ஸ்டூலின் மேல் நின்றிருந்ததால் நீராவி நேரே முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு தாங்கினாள், பிறகு போய்விட்டாள். அவள் கிடந்த கட்டிலில் போட்டிருந்த விரிப்பு கூட அவர்கள் மடித்துக் கொடுத்ததுதான். அவள் கவனக்குறைவு என்று முதலாளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். திருகைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெளியே நின்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால், அதற்கு இப்போது சட்டம் வேறாகிவிட்டது. நாலு பேர் ஒரே நோக்கத்தோடு தெருவில் நின்றால் கூட்டம். கூட்டத்துக்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டவர்கள் யாருக்கும் கிடைத்ததாக ஊரில் பேச்சில்லை. குரல் எழுப்பக் கூடாது, அட்டை பிடிக்கக் கூடாது. கூட்டத்தைக் கூட்டியவருக்குச் சிறை.

உடை மாற்றும் அறையில் பெண்கள் கிசுகிசுத்தார்கள்.

"வாயத் தொறக்கக் கூடாது, அட்டை பிடிக்கக் கூடாது, நாலு பேரா நிக்கக் கூடாது. அப்புறம் என்னதான்டி செய்யலாம்?"

"மூச்சு விடலாம். அதுக்கும் மனு போட்டுட்டு விடு."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது மூத்தவள்தான், தலைமயிரை முடிந்துகொண்டே சொன்னாள். "ரெண்டு பேரு நின்னா கூட்டமில்லல்ல? நாம எப்பவும் ரெண்டு பேருதானே."

அப்படித்தான் ஓய்வு நாளன்று, சலவைக்கூடத்து மதிலை ஒட்டிய தெருவில், விளக்குக் கம்பத்துக்கு ஒரு ஜோடியாக நின்றார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு வெள்ளை விரிப்பு. ஒரு எழுத்து இல்லை. நடுக் கம்பத்தின் அடியில் கோபுரத்தின் பச்சை ஸ்டூலை வைத்து, அதன் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்காமல் விட்டார்கள். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். காக்கிச் சட்டைகள் வந்தன. அதிகாரி நடந்து நடந்து பார்த்தார், எண்ணினார், தொலைபேசியில் மேலே கேட்டார். வெயில் விரிப்புகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கை வலித்தாலும் யாரும் இறக்கவில்லை. நேரம் போகப் போக, காவலர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்ள ஆரம்பித்தான். இன்னும் கொஞ்ச நேரம், வீட்டுக்குப் போய்விடலாம், ஒன்றும் ஆகாது என்று மூத்தவள் நினைத்த நேரத்தில், மதிலுக்கு உள்ளே சங்கு ஊதியது.

ஓய்வு நாளிலும் அது தானாக ஊதும் என்பதை ஒருத்தியும் யோசிக்கவில்லை.

கை யோசிக்குமா? கைகள் உதறின. முனையோடு முனை சேர்ந்தது. எல்லாக் கம்பத்தடியிலும் நடப்பவள் நடந்தாள், நிற்பவள் வாங்கினாள். மடித்து முடித்தார்கள். முடித்த கையோடு, அத்தனை ஜோடிகளும், அந்தப் பச்சை ஸ்டூலை நோக்கிப் போனார்கள். இளையவள் எப்போதும் கைவேகம். அவள்தான் முதலில் போய் வைத்தாள். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. அடுக்கு உயர்ந்தபோதுதான் மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தன்னைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். கூட்டமாக.

அதிகாரி விசிலை வாயில் வைத்தார்.

காவல் நிலையத்தில் இளையவளை உள்ளே அடைத்துவிட்டு, மற்றவர்களை மிரட்டி அனுப்பிவிட்டார்கள். மூத்தவளை மட்டும் உட்காரவைத்து, தெருவில் எடுத்திருந்த படத்தை ஒரு திரையில் ஓட்டினார் அதிகாரி. படத்தில் இளையவள் விரிப்பை ஏந்திக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் எல்லாரும்.

"பாரும்மா. முன்னாடி போறது யாரு? பின்னாடி வர்றது யாரு?"

"சங்கு ஊதிச்சு சார். ஊதினா நாங்க கொண்டுபோய் வைப்போம். அது பழக்கம்."

"அப்போ சங்குதான் கூட்டத்தைக் கூட்டுச்சுன்னு எழுதவா? சங்குக்கு எந்த ஜெயில்ல இடம் பாக்குறது?" பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அதிகாரி குரலைத் தணித்தார். "வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லையாமே. தெருவுல சொன்னாங்க. பேசாதவளுக்காக நீ ஏன் பரிஞ்சு பேசணும்? அவதான் கூப்பிட்டான்னு கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு வேலை இருக்கும். இல்லேன்னா எல்லாரையும் சேர்த்து எழுதிடுவேன்."

நான்தான் சொன்னேன், ரெண்டு ரெண்டு பேராய் நிற்கலாம் என்று சொன்னது நான்தான். அதைச் சொல்லாமல், குழந்தை வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்குக் கோர்ட். அறைக்கு நடுவே நின்ற மூத்தவள் விரிப்பை ஒருவழியாக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். ஓரம் கோணலாக நின்றது. வாசலில் அவள் கணவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "நீயும் உள்ள போயிட்டா அந்தக் குழந்தைய யாரு பாக்குறது? நானா? அவனா? அவனுக்குத் தன் சட்டைப் பொத்தானையே ஒழுங்காப் போடத் தெரியாது."

கொழுந்தன் படியில் உட்கார்ந்திருந்தான். பொத்தான் ஒன்று மாறித்தான் இருந்தது. "நீங்க எது சொன்னாலும் சரி அண்ணி," என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கொடிச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு தன் மனைவியை அவள் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அவன் பயப்படுகிறான். பயந்துகொண்டே பணிகிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "தம்பி, பாப்பா எழுந்தா பால் ஆத்தி வச்சிருக்கேன், குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனாள்.

பார்வையாளர் அறை நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. இரண்டு கம்பி வலைகள். நடுவே ஒரு முழ இடைவெளி. இந்தப் பக்கத்து விரல் அந்தப் பக்கத்து விரலைத் தொட முடியாது. மற்றவர்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தலையைத் தானே அவசரமாக வாரியிருந்தாள். போன கோடையிலிருந்து ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் பேசியிராத இருவரும் வலைகளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"கொடியில என் பக்கத்துலயும் நீங்களே காயப்போடுங்க அக்கா. வெயில் வீணாப் போவுது."

"அன்னிக்கே போட்டுட்டேன்."

"தெரியும். போட்டிருப்பீங்கன்னு தெரியும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நின்றதும் இளையவளின் உதடு கோணியது. "பாப்பா?"

"ஒரு குறையும் இல்ல. ராத்திரி எம் மேல காலப் போட்டுத்தான் தூங்குறா. உன்னாட்டமே உதைக்கிறா."

இளையவள் வலையில் நெற்றியை வைத்தாள். "அக்கா, நாளைக்கு நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். படத்துல முன்னாடி போறது நான்தானே. ஒருத்தியாவது வெளியில இருக்கணும். அவரை நம்பிக் குழந்தைய விட முடியாது, உங்களுக்கே தெரியும்."

மூத்தவள் சொல்ல வந்தது பெரிதாக இருந்தது. அதற்குள் நேரமாச்சு என்று காவல்காரப் பெண் வாசலில் சாவிக்கொத்தைக் குலுக்கினாள்.

"ஏண்டி, யாரு நடப்பா? யாரு நிப்பா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"என்னக்கா?"

"கேட்டதுக்குச் சொல்லு. நம்ம ரெண்டு பேருல நடக்குறது யாரு?"

இளையவள் அவளையே பார்த்தாள். "நீங்க," என்றாள் மெல்ல. "நீங்கதான் நடப்பீங்க. நான் நிப்பேன்." சட்டென்று தலையை வேகமாக ஆட்டினாள். "வேணாம். அக்கா, நீங்க உள்ள வர வேணாம்."

மூத்தவள் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு துணியின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தன. அந்தப் பக்கம் இளையவள் அழுதுகொண்டே நின்றாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவளுடைய கைகளும் எழுந்தன. வேணாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் தங்கள் முனைகளைப் பிடித்துக்கொண்டன.

"அங்க என்ன, கையால என்ன ஜாடை?" காவல்காரப் பெண் எழுந்து வந்தாள்.

மூத்தவள் நடந்தாள். ஓர் அடி. இன்னும் ஓர் அடி. கம்பி வலை அவள் விரல் முட்டிகளில் வந்து இடித்தது. ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம், நிற்பவள், வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டியபடி நின்றாள்.