நூற்று நாற்பது ‘இல்லை’

ஸ்நேஹா தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பேனா அழுத்திய தடம் பின்பக்கம் புடைத்திருந்தது. ‘புகைப் பழக்கம்: இல்லை’ என்ற இடத்தில் மட்டும் வழவழவென்றிருந்தது.

அடுத்த படிவம். அதற்கடுத்தது. நூற்று நாற்பது பெண்களுக்கும் ஒரே சாய்வு, ஒரே வால், ஒரே டிக். ஒரு தாளில் போட்டு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள்!

விஜயநகரில் இருக்கும் அந்த முடக்குவாத ஆய்வு மையத்தில் அவள் சேர்ந்து இருபது நாள்தான். மூன்று வருட ஆய்வறிக்கை இன்று மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். ‘ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுப் பதிந்தது’ என்ற வரியின் கீழே, சரிபார்த்தவள் என்று அவள் கையெழுத்து வேண்டும். அறிக்கையின் முடிவு என்ன தெரியுமா? புகைக்கும் ஆண்களுக்கு முற்றுகிற அளவுக்கே புகைக்காத பெண்களுக்கும் வாதம் முற்றுகிறது. ஆகவே புகைக்குப் பெரிய பங்கில்லை!

ஆய்வை நடத்தும் டாக்டர் ஹரிப்ரசாத்தின் அறைக்குப் போனாள்.

“சார், லேடீஸ்கிட்ட இந்தக் கேள்விய யாருமே கேக்கல.”

“எதுக்கும்மா கேக்கணும்? நம்மூர்ப் பொம்மனாட்டிகள் சிகரெட் பிடிக்கறாளா? கேட்டா செருப்பால அடிப்பா. டைம் வேஸ்ட்டுன்னு நான்தான் போட்டுடச் சொன்னேன். ஹோகலி பிடு, விட்டுத் தள்ளு, சைன் பண்ணு.”

காது மடல் சுட்டது அவளுக்கு. படிவக் கட்டோடு வெளியே வந்தாள்.

வராந்தாவில், அந்த நூற்று நாற்பதில் ஒருத்தியான கௌதள்ளி கிராமத்து நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு முதல் பஸ் பிடித்து வந்தவள். விரல்கள் இஞ்சிக் கிழங்காய் முறுக்கிக்கொண்டிருந்தன. கூட வந்த மகனை டீ வாங்க அனுப்பிவிட்டு, ஸ்நேஹா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, பீடி, சுருட்டு எதாச்சும் உண்டா?”

நாச்சம்மாள் மகன் போன திசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “உண்டுங் அம்மிணி. காட்டு வேலைக்குப் போன நாள்ல இருந்து முப்பது வருசமாச்சு. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. ஏனுங், அதுக்கும் கைக்கும் சம்பந்தமுங்களா?”

“புகை இருந்தா வாதம் சீக்கிரம் முத்தும்மா. மருந்தும் சரியா கேக்காது.”

“இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலீங்களே!”

நாச்சம்மாள் எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய் டாக்டர் அறைக் கதவைத் தோளால் தள்ளினாள்.

“ஏனுங் சாமி, மூணு வருசத்துல பதினோரு குழாய் ரத்தம் எடுத்தீங்க. ஒருக்கா வாயத் தொறந்து கேட்டீங்களா? எங்க ரத்தம் வேணும், பேச்சு வேண்டாமாக்கும்?”

ஹரிப்ரசாத் அவளைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஸ்நேஹாவை முறைத்தார். “ஒருத்தி சொன்னா நூத்திநாப்பதையும் மாத்தணுமா? உன் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகலை, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். சேர்ந்த இருபதாம் நாளே பொய்க் கையெழுத்துப் போட என்னால ஆகாது.”

மேஜையில் கிடந்த அறிக்கைத் தாளை எடுத்தாள். ‘நேரில் கேட்டுப் பதிந்தது’ என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே ‘கேட்கவே இல்லை’ என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள், பின்பக்கம் புடைக்கும்படி அழுத்தி.

பிறகு வராந்தாவுக்கு வந்து, கட்டில் முதலாவதாக இருந்த படிவத்தின் எண்ணுக்குப் போன் போட்டாள்.

“ஹனூர் கௌரம்மாங்களா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? கொஞ்சம் தள்ளி வாங்கம்மா. உங்ககிட்ட ஒரு கேள்வி விட்டுப்போச்சு.”