வயோலாக்காரன் இழுத்த மூச்சு

இசையமைப்பு முதுகலைப் படிப்புக்கு யில்வா விண்ணப்பித்தது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கதவைத் தட்டிவிட்டு வாசலோடு திரும்பியவள். காரணத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அவள் அனுப்பிய ஒலிப்பதிவுகளை எல்லாம் வாசித்தது கம்ப்யூட்டர். மனிதர்கள் வாசித்த பதிவு ஒன்றாவது வேண்டும், அதோடு இசைத்தாளும் வேண்டும் என்றார்கள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இந்த வருஷமும் இல்லையென்றால், தேவாலயத்தில் நிரந்தரமாக ஆர்கன் வாசிக்கும் வேலையை ஒப்புக்கொள்வதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போதும் அங்கேதான் வாசித்துக்கொண்டிருந்தாள், மாற்று ஆளாக. பெரும்பாலும் அடக்க ஆராதனைகளுக்கு. சுவீடனின் கோத்தன்பர்க்கில் மழை பெய்யாத நாளில் சைக்கிளில் போவாள், பெய்கிற நாளில் டிராமில் போவாள். அதாவது எப்போதும் டிராம்தான்.

அந்தத் தேவாலயத்திலேயே, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் நடக்கவிருந்த அடக்கத்துக்கு முன்னால் பதிவு செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ என்று மூன்று பேருக்கு அவள் எழுதிய பாட்டு. வயலின்காரியும் செல்லோக்காரரும் தெரிந்த இடத்து மனிதர்கள். வயோலா வாசிக்க வந்தவன் சிக்ஸ்டன். பள்ளிக்கூடத்திலிருந்து அவளுடைய நண்பன். பகலில் பல் மருத்துவமனையில் வேலை, சாயங்காலம் பொழுதுபோக்கு இசைக்குழுவில் கடைசி வரிசை. கூலியாக ஆளுக்கொரு க்ரீம் பன். தவக்காலத்துக்கு முன்னால் சாப்பிடும் அந்தப் பன்னுக்காக பிப்ரவரியில் அந்த ஊர்க்காரர்கள் எதுவும் செய்வார்கள்.

"எனக்கு ரெண்டு வேணும். வயோலாதான் ரொம்ப பாரம்" என்றான் சிக்ஸ்டன்.

"நீ எங்கடா வாசிக்கிற? பாதி நேரம் சும்மாதான உக்காந்திருக்க!"

"சும்மா உக்காந்திருக்கறதுதான்டி கஷ்டம். தாளத்தை எண்ணிக்கிட்டே இருக்கணும்."

அவன் சொன்னது உண்மைதான். பாட்டின் நடுவில் வயோலா நீண்ட நேரம் பேசாமல் இருக்கும். வயலின் மேலேயிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்து நின்றுவிடும். அந்த நொடியில் செல்லோ அடியில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும், வயோலா அதோடு சேர்ந்து நுழையும். இரண்டும் கைகோத்துக்கொண்டு வருவதுபோல. யில்வா அப்படித்தான் எழுதியிருந்தாள்.

வயலின் இறங்கி நின்றது. செல்லோ அந்த ஸ்வரத்தைப் பிடித்தது. வயோலா வரவில்லை.

சிக்ஸ்டன் எண்ணிக்கையில் கோட்டை விட்டுவிட்டான். செல்லோக்காரர் நிறுத்தவில்லை, வில்லை இழுத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். அந்தக் கல் கட்டடத்துக்குள் ஒற்றை ஸ்வரம் மட்டும் தன்னந்தனியாக நின்றது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டென்று ஒரு மூச்சு இழுத்தான், நுழைந்தான். துக்க வீட்டுக்குத் தாமதமாக வந்தவர், வாசலில் ஒரு கணம் நின்று, தன்னைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே வருவாரே, அப்படி இருந்தது. ஒலிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யில்வாவின் கைகளில் மயிர் கூச்செறிந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கோடி!" பாட்டு முடிந்ததும் சிக்ஸ்டன் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னொரு தடவை எடுத்துடலாம். ப்ளீஸ்."

எடுத்தார்கள். இந்த முறை எல்லாம் சரியாக வந்தது. சரியாக வந்தது, அவ்வளவுதான்.

"முதல்ல எடுத்ததைத்தான் அனுப்பப் போறேன்" என்றாள் யில்வா, வயர்களைச் சுருட்டிக்கொண்டே.

"பைத்தியமா உனக்கு? நான் தப்பு பண்ணது அதுல இருக்கு!"

"அதனாலதான்டா."

அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான், கிண்டல் செய்கிறாளோ என்று. இல்லை என்று புரிந்ததும் அவன் காது சிவந்துபோயிற்று. "சரி. அப்போ அங்க கேட்டாங்கன்னா சொல்லணும். சிக்ஸ்டன்னு ஒரு மடையன், பல் டாக்டர்கிட்ட எடுபிடி, எண்ணத் தெரியாம வாசிச்சான், அப்படிப் பொறந்த இடம் இதுன்னு."

"சொல்றேன், சொல்றேன். மூக்குல க்ரீம், துடை."

வீட்டுக்கு வந்து இசைத்தாளைத் திறந்தாள். வயோலாவின் மௌனத்தைக் கொஞ்சம் நீட்டி, அவன் தாமதித்த அதே இடத்தில் அவன் நுழைவை நகர்த்தி வைத்தாள். ஒரு நிமிஷ வேலை. இப்போது தாளும் பதிவும் ஒன்று. தப்பு இருந்த சுவடே இல்லை.

மார்ச்சில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அந்தக் கட்டத்துக்கு அவள் முன்னே போனதே இல்லை. ரயிலில் போகும்போது, கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டாள். பெரிய படிப்பு, பெரிய மனிதர்கள். அங்கே போய் நண்பன் எண்ணத் தெரியாமல் வாசித்தான் என்றா சொல்வது? பாட்டின் மொத்த நீளத்தை வகுத்து, இன்ன விகிதத்தில் மௌனம் வரும்படி கணக்கிட்டேன் என்று சொன்னால்தானே ஆளாக மதிப்பார்கள்? சும்மா ஒரு பேச்சுக்கு வகுத்துப் பார்த்தாள். கிட்டத்தட்டப் பொருந்திக்கூட வந்தது.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பேசியது பெரும்பாலும் குன்வோர் என்ற பேராசிரியைதான். ஒட்ட வெட்டிய நரைமுடி, கம்பளிச் சட்டையில் காபிக்கறை.

"யில்வா, இந்த மூணு பேர் வாசிக்கிற பாட்டு இருக்கே, அதை நாங்க மூணு தடவை போட்டுக் கேட்டோம்." இசைத்தாளில் அந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க, செல்லோ தனியா நிக்குது. இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

யில்வா கணக்கைச் சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள்.

குன்வோர் தலையாட்டினார். "வயோலா வாசிச்சது யாரு?"

"ஒரு நண்பர்."

"நுழையறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறார் பாத்தீங்களா? அழகா இருக்கு." சிரித்தார். "நானும் வயோலாக்காரிதான். எண்ணிக்கையை விடறதுதான் எங்க தொழிலே. நான் விட்ட இடத்தையெல்லாம் சேர்த்தா ஒரு கச்சேரி வைக்கலாம்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். யில்வாவும் சிரித்தாள். கதவை இதைவிட அகலமாக யாரும் திறந்து வைக்க முடியாது. இப்போது யோசித்தால் அவளுக்கு அது பட்டப்பகல்போலத் தெரிகிறது. அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: கண்டுபிடித்துவிட்டார்கள், மூடி மறை.

"அந்த மூச்சும் நான் சொல்லித்தான் இழுத்தாரு" என்றாள்.

குன்வோர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாக அல்ல. பிறகு தாளை மெதுவாக மூடிவிட்டு, "சரி, அடுத்த பாட்டுக்குப் போகலாம்" என்றார்.

ரயில் நிலையத்திலேயே சிக்ஸ்டனின் போன் வந்துவிட்டது. "என்னடி ஆச்சு? என்னைப் பத்திச் சொன்னியா?"

"அந்த இடத்தைப் பத்தி அவங்க ஒண்ணுமே கேக்கலடா."

"ஓ" என்றான். "சரி விடு. காதுல விழலையோ என்னவோ."

ஏப்ரலில் இல்லை என்று பதில் வந்தது. காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பேசலாம் என்றிருந்ததால் யில்வா கூப்பிட்டாள். குன்வோர்தான் எடுத்தார்.

"உங்களுக்காக நான் வாதாடினேன்" என்றார். "எண்ணிக்கையை விட்டவங்க இழுக்கற மூச்சு எனக்குத் தெரியும், தப்பு யாருக்கும் நடக்கும். அது தப்பு இல்லைன்னு உங்க காதுக்குத் தெரிஞ்சுது பாருங்க, எனக்கு அந்தக் காதுதான் வேணும். அதை நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க கணக்கு சொன்னீங்க. கணக்குக்கு எங்ககிட்ட வேற ஆளுங்க இருக்காங்க." பிறகு, "வருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

அந்த வாரமே டிராமில் சிக்ஸ்டனைப் பார்த்தாள். வழக்கம்போல மழை. வயோலாப் பெட்டியை மடியில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"கேள்விப்பட்டேன்டி. என்னாலதான். அன்னிக்கே சொன்னேன்ல, ரெண்டாவதை அனுப்புன்னு? எனக்குத் தூக்கமே வரல. உங்க அம்மாவைக் கடையில பாத்தேன், மூஞ்சியைக் காட்ட முடியாம அந்தப் பக்கம் போயிட்டேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அவன் இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு தன் நிறுத்தத்தில் இறங்கிப் போயிருப்பான். அந்த அளவுக்கு அவளுக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டார்கள் என்பதை, கணக்கை, குன்வோர் சிரித்ததை, தான் சொன்ன பதிலை.

சிக்ஸ்டன் கேட்டான்: "அவங்களுக்கு அந்த இடம் பிடிச்சிருந்துச்சா?"

"அதுதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"மூச்சு நீ சொல்லித்தான் இழுத்தேன்னு சொன்னியா?"

"ஆமா."

"கணக்கு உன்னோடதுன்னு சொல்லியிருந்தா பரவால்லடி. நீதான எழுதற." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "அது என் மூச்சு. பயந்து போய் இழுத்தது."

"சிக்ஸ்டன், மன்னிச்சுக்கோடா."

"ம்."

அவன் நிறுத்தம் வந்தது. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டான். கோபித்துக்கொண்டு போகிறவன் இல்லை அவன், அதுதான் கொடுமை. படியில் நின்று திரும்பினான். "அடுத்த வருஷமும் அப்ளிகேஷன் போடுவல்ல? கூப்பிடு. வாசிக்கிறேன். இந்தத் தடவை ஒழுங்கா எண்ணிடறேன்."

சொன்னபடியே வந்தான். அதற்குள் அவள் தேவாலயத்து நிரந்தர ஆர்கன்காரி ஆகியிருந்தாள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. ஆனாலும் நான்காவது தடவையும் விண்ணப்பம் போட்டுப் பார்க்க நினைத்தாள். மறுபடி பிப்ரவரி, அதே கல் கட்டடம், அதே க்ரீம் பன், புதுப் பாட்டு. அதிலும் வயோலாவுக்கு ஒரு நீண்ட மௌனம் வைத்திருந்தாள். சிக்ஸ்டன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பன்னைப் பற்றி ஒரு கிண்டல்கூட இல்லை. அவன் உதடுகள் எண்ணின, ஷூவுக்குள் கட்டைவிரல் எண்ணியது.

யில்வா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுதி வைத்த இடம் வந்தது. அவன் மூச்சுச் சத்தமே இல்லாமல், மிகச் சரியாக நுழைந்தான்.

"இப்போ சரியா வந்துச்சா?" என்று கேட்டான், முடிந்ததும்.

"சரியா வந்துச்சுடா" என்றாள்.