தொண்ணூற்றொன்பது சதவீதம்

‘வகுபடும். எந்த எண்ணால் என்றுதான் தெரியாது. இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? தம்மடை பதினோரு வீட்டுக்குப் போய்விட்டதே.’

நஜ்லா லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காயல்பட்டினத்தில் அவள் கணக்கு டீச்சர்; ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டில்தான் இருந்தாள். இரண்டைப் பன்னிரண்டு கோடி தடவைக்கு மேல் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் ஓர் எண் பகா எண்தானா என்று நாற்பத்தொரு நாளாக அந்த லேப்டாப் சோதித்துக்கொண்டிருந்தது. உலகம் முழுக்கப் பலர் ஆளுக்கொன்றாக எடுத்துச் செய்யும் வேலை. அவளுக்கு விழுந்த எண்ணை எழுதினால் மூன்று கோடி இலக்கத்துக்கு மேல் வரும்.

நேற்றுத் திரையில் 99 சதவீதம் என்றிருந்தது. வேலை அவ்வளவு முடிந்திருக்கிறது என்று பொருள். உம்மா ரஹ்மத்துன்னிஸா அதை மார்க் என்று எடுத்துக்கொண்டாள். மகள் கணக்கில் அதற்குக் குறைந்து வாங்கியதே இல்லை. உடனே ரவையும் முட்டையும் சீனியும் அடித்துத் தம்மடை செய்து, பெண்கள் நடக்கும் பின்முடுக்கு வழியாக வீடு வீடாகக் கொடுத்தாள். உலகத்திலேயே பெரிய எண்ணை மகள் பிடித்துவிட்டதாகச் சொல்லியும் வந்தாள்.

இன்று காலை முடிவு வந்தது. பகா எண் இல்லை.

ஜித்தாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த கணவன் ஃபைசலுக்குக் கேலி செய்யக் காரணம் கிடைத்த கொண்டாட்டம். அப்படியானால் எது வகுக்கும் என்று கேட்டான். சோதனை அதைச் சொல்லாது என்றாள் நஜ்லா. பகா எண்ணாக இருந்தால் கடைசியில் வந்திருக்க வேண்டிய மீதி வரவில்லை. அதனால் வகுபடும் என்பது மட்டும் நிச்சயம்.

“எதுன்னே தெரியாம நிச்சயமா? என் ஆபீஸ்ல இப்படி ரிப்போர்ட் கொடுத்தா அடுத்த ஃபிளைட்ல ஏத்தி விட்டுருவான்.”

“நீங்க எதையோ மறைக்கீங்கன்னு போன்ல குரலக் கேட்டாலே எனக்குத் தெரியும். எதைன்னு தெரிஞ்சாத்தான் நிச்சயமா?”

ஃபைசல் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான்.

சாயங்காலம் அவனுடைய உம்மாவும் தங்கையும் நஜ்லாவைப் பாராட்ட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நஜ்லா முடிவைச் சொன்னதிலிருந்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தன் பேச்சு பொய்யாகிவிடுமே என்று உம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மாமி கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு, ஏளா. மூணு கோடி இலக்கத்த யாரு வந்து வகுத்துப் பாக்கப் போறா?”

யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் நஜ்லாவையும் சற்று அசைத்தது. நாற்பத்தொரு நாளும் லேப்டாப் சூட்டில் கை வைத்தபடி, பகா எண்ணாக இருந்துவிடேன் என்று அவளும் உள்ளுக்குள் கெஞ்சியிருந்தாள். அது இளகவில்லை. இந்த வீட்டில் கெஞ்சினால் இளகாதவர் யாரும் கிடையாது, அவளையும் சேர்த்து. இளகாத ஒன்று இத்தனை நாள் தன் அறையில் இருந்தது என்பதில் அவளுக்கு ஏமாற்றத்தைவிட மரியாதைதான் அதிகமாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உம்மா அவள் கையைப் பிடித்தாள்.

நஜ்லா உம்மாவின் தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆமான்னு சொல்ல மாட்டேன், உம்மா.”